அறுக்குளாவை ‘அறுக’ ஆக்கியது யார்?

“தமிழ் எழுத்து நிரலில் நிற்காது. அது அந்த எழுத்தின் இயல்பு. மீன் பெயர்களை ஆங்கில எழுத்தில் போட்டுவிடுங்கள், சிக்கல் தீர்ந்தது.” பேலியகொடை மீன் சந்தையில் கடைகளுக்குப் பற்றுச்சீட்டு மென்பொருள் செய்துகொடுக்கும் ஒருவர் எங்கள் முன்னால் வைத்த வாதம் இது. கடைக்காரர் பலர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் என்னை எழுத வைத்தது. தான் செய்த பிழையை ஒரு மொழியின் தலையில் கட்டிவிட்டு, அந்த மொழியையே சீட்டிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறார். இதை ஏற்க முடியாது.

நான் இங்கே மொத்தக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். 2011இல் புறக்கோட்டை செயின்ட் ஜோன்ஸ் சந்தை இங்கே மாறி வந்ததிலிருந்து வியாபாரம் முழுவதும் இருட்டில்தான். விடிவதற்குள் சீட்டைப் பார்த்துப் பெட்டி ஏற்றுவது சுமை தூக்கும் நாட்டாமைமார். அதே சீட்டை வைத்துத்தான் வெள்ளவத்தைக் கடைக்காரரும் கொட்டாஞ்சேனைக் கடைக்காரரும் மீனைச் சரிபார்க்கிறார்கள். பெயரும் கிலோவும் விலையும் நேராக நிற்காவிட்டால் சண்டை வரும். வந்தும் இருக்கிறது.

இனி அந்த மென்பொருள்காரரின் சீட்டைப் பார்ப்போம். பெயருக்கு 12 இடம் ஒதுக்கியிருக்கிறார். ‘இடம்’ என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது எழுத்தை. அவருடைய செய்நிரல் எண்ணுவதோ பைட்டை. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். ‘சூடை’ கண்ணுக்கு இரண்டு எழுத்து. உள்ளே ச, ஊகாரக் குறி, ட, ஐகாரக் குறி என்று நான்கு. மொத்தம் 12 பைட். இடம் நிரம்பிவிட்டது என்று கருதி, ஒரு வெற்றிடம்கூட விடாமல் கிலோவைப் பெயரின் வாலில் ஒட்டிவிடுகிறது செய்நிரல். ‘அறுக்குளா’வுக்கு ஐந்து எழுத்து, 9 குறி, 27 பைட். பன்னிரண்டில் வெட்டினால் மிஞ்சுவது ‘அறுக’. ‘நண்டு’ ‘நண்ட’ ஆகிறது, ‘இறால்’ ‘இறால’ ஆகிறது. வெட்டு 10இல் விழுந்தால் ஒரு குறியின் நடுவிலேயே விழும். அங்கே ஒரு பெட்டியோ கேள்விக்குறியோ அச்சாகும். இவை அனைத்தையும் செய்தது அவர் எழுதிய ஒரே ஒரு செய்நிரல் வரி. இதில் தமிழின் இயல்பு எங்கே வந்தது?

சிங்களத்தில் இந்தத் தொல்லை இல்லை என்றும் சொன்னார். அது உண்மையல்ல. சிங்களத்தில் ‘தலபத்’ என்ற மீன் பெயரை எழுதினால் 5 குறி, 15 பைட். அவருடைய வரி அதன் கடைசிப் புள்ளியையும் தின்றுவிடும். சிங்கள ‘ஸ்ரீ’ கண்ணுக்கு ஒரே வடிவம், உள்ளே 5 குறி. அதில் ஒன்று கண்ணுக்கே தெரியாத இணைப்பி. திபெத்திய எழுத்தில் மெய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும். ஒரே அடுக்கில் ஸ, க, ர மூன்றும் நிற்கும், அடியில் உகரம் வேறு. நான்கு குறி, ஓர் இடம். உலகின் எத்தனையோ எழுத்துமுறைகளுக்குப் பொருந்தாத கணக்கை வைத்துக்கொண்டு, பொருந்தாதது எழுத்துமுறைதான் என்கிறார்.

அவருக்கு ஒரு யாழ்ப்பாணத்தாரை நினைவூட்ட விரும்புகிறேன். 1886இல் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா, சிங்கப்பூரில் இருந்தபடி தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கினார். 247 எழுத்தை ஒரு சிறிய விசைப்பலகையில் அடக்க வேண்டியிருந்தது. அவர் கையாண்ட வழி நகரா விசை: அதை அழுத்தினால் குறி தாளில் விழும், வண்டி நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து சேரும். ஒரு குறி எப்போது இடம் பிடிக்கும், எப்போது பிடிக்காது என்ற கேள்விக்கு இரும்பிலும் வில்லிலும் விடை கண்ட மனிதர் அவர். இன்று யுனிகோட் தமிழ்ப் புள்ளியை ‘இடம் பிடிக்காத குறி’ என்று வகைப்படுத்தி வைத்திருப்பதும் அதே அறிவுதான். எந்தக் குறிகள் சேர்ந்து ஓர் எழுத்தாகும் என்பதற்கும் அங்கே விதி எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க ஒரு பிற்பகல் போதும். நம்மவர் படிக்கவில்லை.

எழுத்தைச் சரியாக எண்ணினாலும் நிரல் முழுக்க நேராகாது என்பது எனக்குத் தெரியும். ‘ர’ ஒல்லி, ‘ணை’ அகலம், ‘கொ’ மூன்று துண்டு. அவர் இதைப் பிடித்துக்கொண்டு “பார்த்தீர்களா” என்று வரலாம். ஆங்கிலத்தின் ‘ஐ’யும் ‘எம்’மும்கூட இயல்பில் ஒரே அகலம் இல்லை; தட்டச்சுப்பொறிக்காக ஒன்றை இழுத்தும் மற்றதை நெருக்கியும் சமமாக்கினார்கள். அந்தப் பொறியில் வேலை செய்தவர்கள்கூட எண்களை நேராக்க எழுத்து எண்ணிக்கொண்டிருக்கவில்லை. தாவல் நிறுத்தத்தை வைத்தார்கள். பெயர் எவ்வளவு நீளமானாலும் வண்டி அந்த இடத்தில் போய் நின்றது.

இப்போது அவர் தரும் மருந்து, அதாவது ஆங்கில எழுத்து. வாழைக்குலை விற்கும் மெனிங் சந்தை 2020 நவம்பரில் பேலியகொடைக்கு வந்தது. வாளைமீன் விற்கும் நாங்கள் ஏற்கெனவே இங்கே இருக்கிறோம். நம் ஆட்கள் ஆங்கில எழுத்தில் எழுதும் விதத்தில் வாழையும் வாளையும் பெரும்பாலும் ஒன்றுதான்; அவசரத்தில் ஓர் எழுத்து குறைந்தால் வலையும் அதுவே. சுறாவும் சூரையும் ஒரே எழுத்து வித்தியாசத்தில் நிற்கும், ஆளுக்கு ஆள் வேறு மாதிரி எழுதுவார்கள். தமிழில் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு நாட்டாமை விடியப்புறம் மூன்று மணிக்கு இதை எப்படிப் பிரித்தறிவார்? நிரல் நேராகிவிடும், மீன் மாறிப் போகும். நான் சட்டத்தை இங்கே இழுக்கவில்லை. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது, ஆனால் தனியார் கடைச் சீட்டுக்கு அதைக் காட்ட முடியாது. நான் கேட்பது வேலை தெரிந்தவர் செய்யும் வேலையை.

அந்த வேலை கடினமும் அல்ல. எங்கள் கடையில் இருப்பது 80 மில்லிமீற்றர் தாள் போடும் வெப்ப அச்சுப்பொறி. குறுக்கே 576 புள்ளி. இத்தகைய பொறிகளில் பொதுவாகத் தமிழ் எழுத்துரு இருப்பதில்லை, ஆகவே பெயர் படமாகத்தான் போகிறது. படமென்றால் அகலத்தைப் புள்ளிக் கணக்கில் அளந்துவிடலாம். கிலோ 300ஆவது புள்ளியில் தொடங்கட்டும் என்று சொன்னால் தொடங்கும். கைபேசியில் வெறும் எழுத்தாக அனுப்பும் காலை விலைப்பட்டியலுக்கு இதைவிட எளிய வழி உண்டு: எண்களை முதலில் போடுவது. விலை, கிலோ, கடைசியில் பெயர். பெயருக்குப் பிறகு எதுவும் இல்லாததால் அது எவ்வளவு நீண்டாலும் யாரையும் தள்ளாது. நிரையின் தொடக்கத்தில் நிற்பவை ஒரே அகலமான இலக்கங்கள் மட்டுமே.

மூன்று வாரமாக நான் கையால் அடித்து அனுப்பும் பட்டியல் இந்த வரிசையில்தான் போகிறது. அதில் அறுக்குளா முழுதாக இருக்கிறது. கடைச் சீட்டு மட்டும் இன்னும் அவருடைய வரியில் ஓடுகிறது. அதில் நேற்றும் ‘அறுக’ என்றே அச்சானது.