கல்லறையில் எதைப் பொறிக்கிறோம்?

கல்லறைத் திருநாளன்று நம் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுதிரிகளின் ஒளியில் தெரிவது என்ன? பளிங்கில் பொறித்த பட்டங்கள், பதவிகள். சில இடங்களில் பெயரின் வாலாகச் சாதி. இறந்தவர் இன்னார் என அறிவிக்கவே இவை என்பர் சிலர். அவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. நம் விசுவாசத்தின் வேராகிய யூத மக்களின் பழங்கல்லறைகளே அதற்குச் சான்று.

உரோமையில் யூதர்தம் நிலவறைக் கல்லறைகளில் ஏழு கிளை விளக்கும், கூடாரத் திருவிழாவின் குருத்தோலையும் காணப்படுகின்றன. அமைதியில் துயில்க என்னும் வேண்டுதலும் உண்டு. கேரளத்துச் சேந்தமங்கலத்தில் 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த எபிரேயக் கல், இஸ்ராயேலின் மகள் சாராவை நினைவுகூர்கிறது. தந்தையின் பெயரே அவளுக்குப் போதுமான முகவரி. பிற்காலக் கற்களில் பெரும்பாலும் ஐந்து எபிரேய எழுத்துகள் இடம்பெறும். இறந்தவரின் உயிர் வாழ்வோரின் முடிச்சில் சேர்த்துக் கட்டப்படுக என்பது அவற்றின் பொருள். அபிகாயில் தாவீதுக்குச் சொன்ன வாழ்த்திலிருந்து (1 சாமு 25:29) பிறந்த வேண்டுதல் அது.

யூதரும் குலத்தைப் பொறித்தனரே, ஆரோன் வழிவந்த குருவுக்கு இரு கைகளையும் லேவியருக்கு நீர்க்குடத்தையும் செதுக்கினரே எனக் கேட்கலாம். உண்மை. ஆனால் அவை மக்களுக்கு ஆசி வழங்கிய கைகள். அக்குடமோ குருவின் கைகழுவ நீர் வார்த்த குடம். இரண்டும் பணியின் அடையாளங்கள்.

அவர்களும் வழுவாதவர் அல்லர். கொச்சியில் அடிமை வழிவந்த யூதருக்குத் தொழுகைக்கூடத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் சமத்துவம் மறுக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் ஆபிரகாம் பராக் சேலம் அறவழியில் நின்று அதனை எதிர்த்தார்.

நம் புதுச்சேரிக்கும் இப்பாடம் புதிதன்று. கோவிலுக்குள் தாழ்த்தப்பட்டோரைப் பிரித்து நின்ற சுவர், அவர்களின் முறையீட்டால் 1745இல் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். ஆயினும் திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தையே சாதிச் சுவர் பிரித்தது நாடறிந்த செய்தி. ஒரே திருமுழுக்கில் பிறந்து, ஒரே திருவிருந்தில் உண்டவர்கள், உயிர்ப்புக்காகக் காத்திருக்கும் இடத்தில் மட்டும் சுவர் எழுப்பிக்கொள்வது எந்த விசுவாசம்? சுவருக்கு ஒப்பானதே கல்லில் பொறித்த சாதிப் பெயரும்.

ஆகவே, இறைமக்களே, புதிதாகக் கல் நடுவோர் திருமுழுக்குப் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த நாள், இறந்த நாள், சிலுவை, உயிர்ப்பின் நம்பிக்கையைச் சொல்லும் ஒரு தொடர் ஆகியவற்றோடு நிறுத்துங்கள். பழைய கல்லில் சாதி இருப்பின், நவம்பர் 2க்கு முன் வெள்ளையடிக்கும்போதே அதனை அகற்றுங்கள். பளிங்கில் மிச்சமாகும் பணம், பங்கில் ஓர் ஏழையின் அடக்கச் செலவுக்கு உதவட்டும்.