செப்டிக் டேங்க்: கோடையில் செய்யாத வேலை மழையில் உயிர் கேட்கிறது

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் வலங்கைமான் வட்டாரத்தில் இரண்டு இடங்கள் ஒரே சமயத்தில் நிரம்பும். ஒன்று குடமுருட்டியும் அதன் வாய்க்கால்களும். மற்றொன்று நம் வீட்டுக் கொல்லையில் இருக்கும் செப்டிக் டேங்க். முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலே எழும்பி வரும் நாளில்தான் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு தொட்டி இருப்பதே நினைவுக்கு வருகிறது. லாரிக்குப் போன் போட்டால், "பாய், ஊரெல்லாம் கூப்பிடுறாங்க, நாலு நாளாகும்" என்கிறார்கள். அப்போது பக்கத்து வீட்டார் ஒருவர் மெல்லச் சொல்கிறார்: "ஆள் இருக்கு, சொல்லட்டுமா?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு வார்த்தையைப் பற்றியதுதான். ஆள் இறங்கிச் சாகும் ஒவ்வொரு தொட்டிக்குப் பின்னாலும் பல வருடங்கள் திறக்கப்படாத ஒரு மூடி இருக்கிறது. அதைத் திறக்காமல் விட்டது யார் என்று நாம் கேட்பதில்லை.

2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு குடியிருப்பின் செப்டிக் டேங்கில் ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் கட்டட உரிமையாளரும் அவருடைய இரண்டு மகன்களும் அடக்கம். மயங்கிக் கிடந்தவரைக் காப்பாற்றப் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். தந்தையும் இரண்டு மகன்களும் ஒரே நாளில், ஒரே குழியில். தொட்டிச் சாவு என்றால் எங்கோ யாரோ ஒரு கூலித் தொழிலாளிக்கு நேர்வது என்று நினைத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்கள் இந்தச் செய்தியை இன்னொரு முறை படிக்கவேண்டும்.

உள்ளே இருப்பது என்ன? மலம் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய வாயுக்கள் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடுக்கு அழுகிய முட்டையின் நாற்றம். அது அளவு மீறும்போது மூக்கின் உணரும் சக்தியையே செயலிழக்கச் செய்துவிடும். "நாற்றம் போயிருச்சு, இனி இறங்கலாம்" என்று சொல்லும் கணமே மிக ஆபத்தான கணமாக இருக்கலாம். அது காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் வைத்தாலும் முழுதும் வெளியேறிவிட்டது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது பழைய வழக்கம். மீத்தேன் தீப்பிடிக்கும் வாயு. அந்த வழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

2015 நவம்பரில் கோழிக்கோட்டில் ஆந்திராவிலிருந்து வந்த இரண்டு தொழிலாளர்கள் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் மயங்கி விழுந்தார்கள். பக்கத்தில் இருந்த ஓர் ஆட்டோ ஓட்டுநர், முஸ்லிம் இளைஞர், யோசிக்காமல் இறங்கினார். மூவருமே திரும்பவில்லை. முன்பின் தெரியாத இருவருக்காக உயிர் கொடுத்த அவரைப் பற்றிக் கேரளமே பேசியது. அவருடைய மனத்தைப் போற்றுவோம். ஆனால் நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் நாம் இறங்கக்கூடாது. தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112-ல் சொல்லிவிட்டு, மற்றவர்களையும் இறங்கவிடாமல் தடுக்கவேண்டும். மூச்சுக் கருவி இல்லாமல் இறங்குகிறவர் இரண்டாவது ஜனாஸாவாகத்தான் மேலே வருவார்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, எந்த நபரும் நேரடியாகவோ மறைமுகமாகவோ செப்டிக் டேங்கை ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளை அமர்த்தக்கூடாது என்கிறது. நகராட்சியும் ஒப்பந்தக்காரரும் மட்டுமல்ல, "எந்த நபரும்" என்பதில் வீட்டுக்காரரும் வருகிறார். முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் விடமுடியாத குற்றம் இது. இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

இவ்வளவு இருந்தும் ஏன் நிற்கவில்லை? 1993 முதலான கணக்கை ஒன்றிய அரசு பாராளுமன்றத்தில் வைக்கும்போது, இத்தகைய சாவுகளில் தமிழ்நாடுதான் முதலிடத்தில் நிற்கிறது. படித்த மாநிலம் என்று பெருமைப்படுகிற நமக்கு இது தலைகுனிவு. 2022, 2023-ஆம் ஆண்டுகளில் நடந்த 54 சாவுகளை எடுத்து ஒன்றிய அரசு ஒரு சமூகத் தணிக்கை செய்தது. அதில் 49 பேரிடம் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இருக்கவில்லை. 38 பேர் தனிப்பட்ட முறையில் கூலி பேசி அழைக்கப்பட்டவர்கள். "ஆள் இருக்கு, சொல்லட்டுமா?" என்று கேட்டு அழைக்கப்படுகிறவர்கள் இவர்களைப் போன்றவர்கள்தான். அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பதும் நமக்குத் தெரியும். பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழும் நாம், இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஊரின் குறிப்பிட்ட ஒரு தெருவை நோக்கி ஆள் அனுப்புகிறோமே, அது எந்த மார்க்கத்தில் உள்ளது?

நம் பகுதிக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. செப்டிக் டேங்க் என்பது கழிவைச் சேர்த்துவைக்கும் பெட்டி என்று பலர் எண்ணுகிறார்கள். சரியாகக் கட்டிய தொட்டியில் கனமானது கசடாக அடியில் தங்கும், எண்ணெயும் இலேசானவையும் ஏடாக மேலே மிதக்கும், நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியேறி உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணில் இறங்கும். டெல்டாவில் மழைக்காலத்தில் மண்ணே நீரில் ஊறிக் கிடக்கிறது. சில அடி தோண்டினாலே ஊற்று. உறிஞ்சு குழியிலிருந்து நீர் எங்கே போகும்? போக இடமில்லாமல் தொட்டிக்கே திரும்புகிறது. தொட்டி ஏற்கெனவே பாதிக்கு மேல் கசடாக இருந்தால், அடுத்த இடம் வீட்டுக் கக்கூஸ்தான். மழையில் வரும் அடைப்புக்கு மழை மட்டும் காரணமல்ல. கோடையில் எடுக்காத கசடும் காரணம்.

இன்னும் மோசம், செப்டிக் டேங்க் என்ற பெயரில் இங்கே பல வீடுகளில் இருப்பது தொட்டியே அல்ல. நாலைந்து சிமெண்ட் உறைகளை இறக்கி, அடியை மண்ணாக விட்டு, மேலே சிலாப் போட்டு மூடியிருப்பார்கள். "முப்பது வருஷமா நிரம்பவே இல்ல ஹஜ்ரத்" என்று ஒரு பெரியவர் பெருமையாகச் சொன்னார். நிரம்பாததற்குக் காரணம் அது நிலத்தடி நீரில் கலந்துகொண்டே இருப்பதுதான். சபுராளி வீடுகளில் அறைக்கு ஒரு பாத்ரூம், மாடியில் டைல்ஸ், வாசலில் கிரானைட். தொட்டி மட்டும் அத்தா காலத்து உறைக்குழி. அதிலிருந்து பத்தடியில் போர்வெல்.

இந்த இடத்தில்தான் என்னிடம் மஸ்அலா வருகிறது. "குழி நிரம்பி வழிஞ்சிருச்சு, கிணத்துத் தண்ணியில உளூ கூடுமா?" கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் எவ்வளவு தூரம் இருக்கவேண்டும் என்பதை ஹனஃபி ஃபிக்ஹ் நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பேசியிருக்கின்றன. 5 முழம் என்று ஓர் அறிவிப்பு, 7 முழம் என்று இன்னோர் அறிவிப்பு. ஷம்சுல் அஇம்மா ஹல்வானி (ரஹ்) அவர்கள், முழக்கணக்கு அளவுகோல் அல்ல, தண்ணீரின் நிறமோ சுவையோ வாடையோ மாறியதா என்பதே அளவுகோல் என்றார்கள். மண் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதை அறிந்த ஃபத்வா இது. ஆனால் நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். உளூ கூடும் என்பது ஒரு சட்டம். குடிக்கலாம் என்பது வேறு கேள்வி. வயிற்றுப்போக்கையும் மஞ்சள் காமாலையையும் டைஃபாய்டையும் கொண்டுவரும் கிருமிகளுக்கு நிறமில்லை, வாடையில்லை. இந்தியத் தர நிர்ணய விதிகள் குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி கேட்கின்றன. நம் மனைகளில் அந்த இடைவெளிக்கு வழியில்லை என்றால், குறைந்தபட்சம் குடிக்கும் தண்ணீரையாவது குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதிக்கலாமே. நீர்நிலையிலும் பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரிய செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை மதரஸாவில் முதல் வருடமே ஓதுகிறோம். அண்டை வீட்டாரின் ஊற்றில் நம் குழி கலப்பது அதில் சேராது என்று எப்படிச் சொல்வது?

லாரி வந்து எடுத்துப்போனால் நம் கடமை முடிந்ததா? வாசலைத் தாண்டியதும் அது எங்கே போகிறது என்று எத்தனை பேர் கேட்கிறோம்? இருட்டியபின் வாய்க்கால் ஓரத்தில் குழாயைத் திறந்துவிடும் லாரிகளைப் பார்த்தவர்கள் இங்கே நிறைய உண்டு. அந்த வாய்க்காலில்தான் நாற்றங்கால் நனைகிறது, நடவுப் பெண்கள் முழங்கால் வரை நிற்கிறார்கள். இப்படிக் கொட்டுவதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2022-ல் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தைத் திருத்தியது. கழிவுநீர் லாரிக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும், அனுமதித்த சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்கவேண்டும். வலங்கைமான் பேரூராட்சி என்பதால் இந்த விதி இங்கும் செல்லும். அலுவலகத்துக்குப் போய் உரிமம் பெற்ற லாரிகள் எவை, எந்த நிலையத்தில் இறக்குகிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 14420 என்ற எண்ணிலும் அழைக்கலாம். முந்நூறு ரூபாய் குறைவாகக் கேட்கும் லாரி ஏன் குறைவாகக் கேட்கிறது என்றும் யோசிக்கவேண்டும். தூரத்து நிலையத்துக்குப் போகும் டீசல் அவருக்கு மிச்சம்.

பராமரிப்பு ஒன்றும் பெரிய வித்தை அல்ல. இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை கசடை எடுத்துவிட வேண்டும். பத்தடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி நீர் ஆழம் உள்ள தொட்டியில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். இந்தக் கணக்கை லாரிக்காரரிடம் சொன்னால் எத்தனை லோடு என்று அவரே சொல்லிவிடுவார். சித்திரை, வைகாசியில் எடுப்பது நல்லது. அப்போது நிலத்தடி நீர் இறங்கியிருக்கும், லாரியும் உடனே கிடைக்கும். அடைமழையில் தொட்டியை ஒட்ட உறிஞ்சினால் வெளியே உள்ள நீரின் அழுத்தத்தில் சுவர் வெடிக்கலாம். பிளாஸ்டிக் தொட்டி என்றால் மிதந்து மேலே கிளம்பிவிடும். கோடையிலும் சுரண்டித் துடைக்கச் சொல்லவேண்டாம். கொஞ்சம் கசடு தங்கினால்தான் அதில் உள்ள நுண்ணுயிர்கள் வேலையைத் தொடரும். "கொஞ்சம் ஒட்டியிருக்கு, இறங்கி வழிச்சிடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவசியமே இல்லாத அந்த வேலைக்காக இறங்கித்தான் பலர் இறந்திருக்கிறார்கள்.

மூடி எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதன்மேல் டைல்ஸ் ஒட்டிய வீடுகள், வண்டி நிறுத்தக் கான்கிரீட் போட்ட வீடுகள், ஆட்டுக் கொட்டகை கட்டிய வீடும்கூட உண்டு. ஹோஸ் நுழையுமளவுக்கு வாய் வைத்து, குழந்தைகளால் திறக்கமுடியாத கனமான மூடி போடவேண்டும். காற்றுக்குழாயின் நுனியில் கொசுவலை கட்டவேண்டும். கும்பகோணம் ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பெயர்போன ஊர். அந்த நோயைப் பரப்பும் கொசு முட்டையிட விரும்புவது இப்படிப்பட்ட அழுக்கு நீரில்தான். வலை ஒரு முழம் போதும்.

வீட்டுப் பெண்கள் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் தாராளமாக ஊற்றுவது தொட்டியின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும், அளவோடு போதும். குழந்தையின் டயப்பர், நாப்கின், பிரியாணிச் சட்டியின் எண்ணெய் இவை உள்ளே போகவே கூடாது. வலீமா, பெருநாள், மகன் சபுரிலிருந்து வரும் மாதம் என்று ஆள் கூடும் காலத்துக்கு முன்பே தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டால் விருந்தாளிகள் முன் அவமானப்படவேண்டாம்.

இதில் ஜமாஅத் நிர்வாகத்துக்கும் ஒரு வேலை உண்டு. பள்ளிவாசலின் கழிப்பறைத் தொட்டியும் மஹாலின் தொட்டியும் கடைசியாக எப்போது எடுக்கப்பட்டன என்று நிர்வாகிகளைக் கேட்டால் பல ஊர்களில் பதில் வராது. நிர்வாகக் கணக்குப் புத்தகத்தில் அந்தத் தேதிக்கு ஒரு வரி போடலாம். தெருத் தெருவாகப் பட்டியல் எடுத்து, வைகாசியில் ஒரே வாரத்தில் உரிமம் பெற்ற லாரியைத் தொடர்ந்து வரவழைத்தால் கட்டணத்தைப் பேசிக் குறைக்கலாம். விதவைகளும் வசதியற்றவர்களும் இருக்கும் வீடுகளுக்குப் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கலாம். லாரி எந்த நிலையத்தில் இறக்கியது என்ற ரசீதை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்ட பிறகே பணத்தைக் கொடுக்கவேண்டும்.