ஊழியம் செய்பவர் ஊழியர் இல்லையா?



சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை நீளும் நமது கடலோரத்தில் தென்னந்தோட்டமும் மீனவர் வாடிகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் பல ஊர்களில் ஒரு சிறு ஆலயமும், அதன் வளவுக்குள் ஒன்றிரண்டு அறைகள் கொண்ட ஒரு சிறு பள்ளியும் இருக்கும். அங்கே இரண்டு மூன்று டீச்சர்மார் இருப்பார்கள். தேங்காய் உரிப்பவரின் பிள்ளை, தும்பு ஆலைக்குப் போகும் தாயின் பிள்ளை, வள்ளத்தில் போகிறவரின் பிள்ளை எல்லாம் அங்கேதான் ‘அ’ எழுதப் பழகுகிறார்கள். அந்த டீச்சரின் உழைப்பைப் பற்றி நமது சங்கம் இனியும் பேசாமல் இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

அவருடைய ஒரு நாளைப் பாருங்கள். பிள்ளைகள் வருமுன் பள்ளியைத் திறந்து, இரவு காற்று அள்ளிவந்த மணலைக் கூட்ட வேண்டும். குடிக்கத் தண்ணீர் எடுத்து வைக்க வேண்டும். வேலைக்குப் போகும் தாய் விடியவே கொண்டுவந்து விடும் பிள்ளைக்கு முகம் கழுவி, தலை சீவி, சாப்பிட்டதா என்று கேட்க வேண்டும். பாட்டு, கதை, எழுத்து, எண் எல்லாம் முடிந்து பிள்ளைகள் வீடு போன பிறகும், தாய் வர நேரமான பிள்ளை அவர் மடியில்தான் தூங்கும். பின்னேரம் அவர் வீட்டில் தையலோ டியூசனோ நடக்கும், ஏனென்றால் பள்ளியில் கிடைப்பது போதாது. ஞாயிறு காலை மறைக்கல்வி வகுப்பு. அதற்குச் சம்பளம் என்ற பேச்சே இல்லை. தலவில் அன்னம்மாள் திருநாள் வந்தாலும் நத்தார் வந்தாலும் பிள்ளைகளைப் பாட்டுக்கும் நாடகத்துக்கும் பழக்குவது அவர்தான்.

மாத முடிவில் அவர் கையில் கிடைப்பதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை. ‘கொடுப்பனவு’ என்பார்கள், ‘கைச்செலவு’ என்பார்கள். பெற்றோர் கட்டும் மாதக்காசு சேர்ந்தால் அது கிடைக்கும். கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத மாதத்தில் குறையும். மீனவக் குடும்பங்கள் பருவம் மாறி வேறு கரைக்கு வாடி போட்டுப் போகும்போது பிள்ளைகளின் எண்ணிக்கை குறைகிறது, அதோடு டீச்சரின் வருமானமும் குறைகிறது. கடலுக்குப் போகாத அவர் தலையிலும் கடலின் நட்டம் விழுகிறது.

இதைக் கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: “இது வேலை அல்ல, ஊழியம்.” நல்ல சொல்தான். ஆனால் நம் கையில் இருக்கும் சட்டமும் அதே சொல்லைத்தான் பாவிக்கிறது: ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. ஊழியம் செய்கிறவர் ஊழியர் இல்லையென்றால் வேறு யார் ஊழியர்?

சட்டத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி சேமலாப நிதிக்குத் தொழில்கொள்வோர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். ஆனால் 10 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் தரும நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் ஐந்து வருடம் சேவை முடித்தவர்களுக்கு உரியது. மூன்று டீச்சர்மார் இருக்கும் பள்ளி இந்த இரண்டு கணக்குக்குள்ளும் அகப்படாமல் போய்விடுகிறது. இருபது வருடம் படிப்பித்தவர் விலகும் நாளில் ஒரு பொன்னாடையோடும் ஒரு படத்தோடும் வீடு போகிறார்.

எல்லா ஆசிரியருக்கும் இந்த நிலை இல்லை. அரச உதவி பெற்ற மிசன் பாடசாலைகளை 1960, 1961 ஆம் ஆண்டுகளில் வந்த சட்டங்கள் மூலம் அரசாங்கம் பொறுப்பேற்றது. இன்றும் நம் மாவட்டத்தில் சில அரச பாடசாலைகளின் பெயரில் ‘ரோ.க.’ என்ற எழுத்துகள் இருப்பது அந்தக் காலத்தின் அடையாளம். மலைநாட்டில் துரைமாரின் கையில் இருந்த தோட்டப் பாடசாலைகளையும் 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசு படிப்படியாக எடுத்துக்கொண்டது. அதனால் அந்த ஆசிரியர்களுக்குச் சம்பளத் திட்டமும் ஓய்வூதியமும் கிடைத்தன. வெளியே நின்றுபோனவை முன்பள்ளிகளும், ஆலய வளவிலுள்ள சிறு பள்ளிகளும்தான்.

உள்ளே போனவர்களும் போராடாமல் எதையும் பெறவில்லை. சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களாக எடுக்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு முதலில் மாதம் 6,000 ரூபாயும் பின்னர் 10,000 ரூபாயும்தான் கொடுத்தார்கள். அதையும் ‘கொடுப்பனவு’ என்றே சொன்னார்கள். 2021 ஜூலையில் ஆசிரியர்களும் அதிபர்களும் சம்பள முரண்பாட்டுக்கு எதிராகத் தொடங்கிய போராட்டம் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த பிறகே அரசு இறங்கி வந்தது.

அயல்நாட்டிலும் இதே வழக்குத்தான் நடந்தது. ஆசிரியர் பணிக்கொடைச் சட்டத்தின்படி ‘ஊழியர்’ ஆக மாட்டார் என்று 2004 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியர் சங்கங்கள் விடவில்லை. 2009 இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி, 1997 முதல் செல்லும்படி ஆசிரியர்களையும் அதில் சேர்த்தது. அரசாங்கத்தின் அங்கன்வாடிகளில் சிறுபிள்ளைகளைப் பார்க்கும் பெண்களும் பல ஆண்டுகளாகக் ‘கௌரவ ஊழியர்’ என்றே தள்ளி வைக்கப்பட்டிருந்தார்கள். 2022 ஏப்ரலில் அவர்களுக்கும் பணிக்கொடை உரியது என்று அதே நீதிமன்றம் சொன்னது. கௌரவம் என்ற சொல்லை வைத்துக் கூலியைக் குறைக்க முடியாது என்பதே இந்த இரண்டு வெற்றிகளும் நமக்குச் சொல்லும் பாடம்.

“டீச்சருக்கும் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கும் என்ன தொடர்பு? நமது சந்தா நமது சம்பளத்துக்குத்தானே?” என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முதலாவது, அந்த டீச்சர் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளை. உயர்தரம் படித்த மகளைத் தேங்காய் உரிக்க அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பியவர்கள் நாம்தான். இரண்டாவது, காலையில் அந்தப் பள்ளி திறந்தால்தான் தாய் வேலைக்குப் போய்த் தன் பெயரைப் போட முடியும். டீச்சர் ஆடைத் தொழிற்சாலைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டால் தாயின் நாள் சம்பளமும் சேர்ந்து போகிறது. மூன்றாவது, மொழி. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையுள்ள கரையில் ஒரு காலத்தில் தமிழில் செபம் சொன்ன கத்தோலிக்கக் குடும்பங்கள் பல உண்டு. கடந்த நூற்றாண்டில் பாடசாலையின் போதனாமொழி சிங்களமானதும், இரண்டு மூன்று தலைமுறைக்குள் வீட்டுமொழியும் மாறிவிட்டது. சிங்களம் படிப்பது நல்லது, நம் பிள்ளைகளுக்கு அது தேவை. ஆனால் தாய்மொழியில் எழுத்தறியும் வழி ஒரு ஊரில் இருக்குமா இல்லையா என்பதை அங்குள்ள சிறு பள்ளியே தீர்மானிக்கிறது.

பங்குச் சுவாமியாரையோ கன்னியர் மடத்தையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. ஏழைப் பங்கில் உண்டியலும் ஏழையாகத்தான் இருக்கும். ஆனால் காசு இல்லை என்பது வேறு, கடமை இல்லை என்பது வேறு. 1891 இலேயே பாப்பரசர் 13 ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். நியாயமான கூலியையும், தொழிலாளர் சங்கம் சேரும் உரிமையையும் அதில் அவர் ஏற்றுக்கொண்டார். 2025 இல் தெரிவான பாப்பரசர் அந்த மடலை நினைவுகூர்ந்தே 14 ஆம் சிங்கராயர் என்ற பெயரை எடுத்தார். நாம் கேட்பது அவர்களுடைய போதனைக்கு வெளியே இல்லை.

கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று, டீச்சர் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதமும் மாதாந்தச் சம்பளச் சீட்டும் வேண்டும். எழுத்தில் இல்லாத சேவைக்குப் பிறகு சாட்சி கிடையாது.

இரண்டு, சேமலாப நிதிச் சட்டத்தில் சிறு தரும நிறுவனங்களுக்கு உள்ள விலக்கையும், பணிக்கொடைச் சட்டத்தின் 15 பேர் எல்லையையும் நீக்க வேண்டும்.

மூன்று, தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாய், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய். டீச்சருக்கும் அதுவே கீழெல்லையாக வேண்டும். பங்கால் இயலாத மிகுதியை மாகாண சபையும், தன் தொழிலாளரின் பிள்ளைகளை அந்தப் பள்ளிக்கு அனுப்பும் தோட்ட நிர்வாகமும் பகிர வேண்டும். பெற்றோர் தலையில் அதைக் கட்டக் கூடாது.

நான்கு, டீச்சர்மார் சங்கமாக வேண்டும். 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே சங்கம் பதியலாம். ஒரு பள்ளியில் மூன்று பேர்தான் என்றாலும் மூன்று ஊர்ப் பள்ளிகள் சேர்ந்தால் ஒன்பது பேர்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் ஊர்ப் பள்ளி டீச்சரை அழைத்து வரட்டும். அவரைப் பாராட்டிப் பேசி அனுப்பிவிடாமல், அவருக்கு எத்தனை வருடச் சேவை, மாதம் என்ன கிடைக்கிறது, கையில் என்ன கடிதம் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். தொழில் திணைக்களத்தின் முன் நாம் வைக்கப்போகும் முதல் பத்திரம் அந்தக் கணக்குத்தான்.