ஒரு அம்பும் 1,928 கோடியும்

தீர்த்தமலை ஏறலாம் என்று யோசனை சொன்னவர் எங்கள் கோஷ்டியிலேயே கனமான மனிதர். பாங்க்கில் வேலை. 'மானேஜர்' என்று கூப்பிடுவோம். நிஜத்தில் அவர் மானேஜர் இல்லை. தொந்திக்காக நாங்கள் கொடுத்த பிரமோஷன். கூடவே அவருடைய மச்சினர். இவர் கையில் ஒரு கடிகாரம். எத்தனை அடி நடந்தோம், இதயம் எத்தனை தடவை துடித்தது என்றெல்லாம் அது சொல்லும். மணி மட்டும் கேட்டால் இரண்டு பட்டன் அழுத்த வேண்டும்.

தர்மபுரி மாவட்டம், அரூரிலிருந்து பதினாறு கிலோமீட்டர். காலை ஏழரைக்கு அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தோம். "இவ்வளவுதானா?" என்றார் மானேஜர். மலைகள் இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொண்டு சும்மா இருக்கும். இருபது நிமிஷம் கழித்துப் பதில் சொல்லும்.

சொன்னது. படி வரும், சரிவு வரும், மறுபடியும் படி வரும். சித்திரை மாச வெயிலுக்கு எட்டு மணி என்றால் உச்சி வேளை என்றுதான் அர்த்தம். நிழல் இருக்கிற இடத்தையெல்லாம் குரங்குகள் ஏற்கெனவே ரிசர்வ் செய்திருந்தன. மச்சினர் பையிலிருந்து பிஸ்கெட் பாக்கெட்டை எடுத்தார். எடுத்ததுதான் அவருக்குத் தெரியும். பிரித்தது வேறொருவர்.

மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தில் எங்களுக்குத் துணை சேர்ந்தது. அறுபது தாண்டிய ஒரு பாட்டியம்மா, அவருடைய மகள், ஒன்பது பத்து வயசுப் பேரன். மகள் கையில் காலி பிளாஸ்டிக் கேன். பாலக்கோடு பக்கத்துக் கிராமமாம். பாட்டி ஒவ்வொரு படிக்கும் முதலில் வலது காலை வைப்பார், இடது காலை இழுத்துப் பக்கத்தில் சேர்ப்பார், அப்புறம் அடுத்த படி. முழங்கால் மடங்கவில்லை. யாராவது கூப்பிட்டால் கழுத்து திரும்பாது. ஆளே முழுசாகத் திரும்ப வேண்டும்.

"வாதமாம்மா?" என்றார் மானேஜர்.

"வாதமில்லைங்க, தண்ணி" என்றார் பாட்டி.

அந்த ஒரு வார்த்தையை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். தர்மபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடித் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பூமிக்கடியில் இருக்கிற பாறையிலிருந்து கரைந்து வருகிறது. மழை பொய்த்து, கிணறு வற்றி, போர் போட்டு ஆழத்துக்குப் போகப் போக, பாறையோடு ரொம்ப காலம் குடித்தனம் செய்த தண்ணீர்தான் மேலே வரும். ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேல் வருஷக் கணக்கில் குடித்தால் பல் பழுப்பாகும். இன்னும் அதிகமானால் எலும்பு இறுகும், மூட்டு மடங்காது, முதுகு வளையாது. பார்வைக்குத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். ருசியிலும் கண்டுபிடிக்க முடியாது. காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடுமே என்பீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு சாகாது. தண்ணீர் ஆவியாகி அளவு குறையும், அது மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும். அசல் கரையாமல் வட்டி ஏறுகிற கணக்கு.

மகள் சிரித்தபோதெல்லாம் முந்தானை வாய்க்குப் போனது. வெட்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். பேச்சு சுவாரஸ்யத்தில் ஒரு தரம் முந்தானை மறந்துபோனது. முன்பற்களில் காவி நிறத்தில் பட்டை பட்டையாகக் கறை. "பொண்ணு பார்க்க வந்தப்ப 'வாயைத் திறக்காத'ன்னு அம்மா சொல்லிச்சு. கல்யாணம் முடியற வரைக்கும் நான் சிரிக்கவே இல்லைங்க" என்றார். சொல்லிவிட்டு அதற்கும் சிரித்தார், முந்தானையோடு.

ஏறும் வழியெல்லாம் ஸ்தல புராணம் சொல்லிக்கொண்டு வந்தவர் பாட்டிதான். ராவணனை வதம் செய்துவிட்டுத் திரும்பிய ராமர் இங்கே சிவபூஜை செய்ய நினைத்தார். காசியிலிருந்து கங்கைத் தீர்த்தம் கொண்டு வர அனுமார் போனார். போனவர் வரக் காணோம். நேரமாகிறதே என்று ராமர் பாறையில் ஒரு அம்பு விட்டார், தண்ணீர் கொட்டியது. அதுதான் ராம தீர்த்தம். தாமதமாக வந்து சேர்ந்த அனுமாருக்குக் கோபம். கொண்டு வந்த தீர்த்தத்தை அப்படியே வீசினார். அது விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையில் அனுமன்தீர்த்தம் என்று ஊராகவே இருக்கிறது.

"ஆபீஸிலும் இதேதான் சார்" என்றார் மானேஜர், ஒரு தூணைக் கட்டிப் பிடித்தபடி. "நாம அலைஞ்சு திரிஞ்சு பேப்பரைக் கொண்டு வர்றதுக்குள்ள மேலிடம் வேற ஏற்பாடு பண்ணிடும்."

ராமருக்கு ஒரு அம்பு போதும். நமக்கு? ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டு வரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. ஜப்பான் கடன். மதிப்பு 1,928 கோடியே 80 லட்சம் ரூபாய். (பி.காம். படித்தவனுக்கு அந்த எண்பது லட்சத்தை விட மனசு வராது.) அந்த வருஷமே கர்நாடகத்தில் எதிர்ப்பு, இங்கே பதிலுக்குப் போராட்டம். ஒரு வழியாக 2013-ல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அடிக்கல் ஒரு ஆட்சி, திறப்பு இன்னொரு ஆட்சி. யாருடைய திட்டம் என்று இரண்டு கட்சிக்காரர்களும் இன்னும் விவாதிக்கலாம். தண்ணீர் குடிப்பவர்களுக்கு அந்த விவாதத்தில் அக்கறை இல்லை. "வர்ற அன்னிக்குப் புடிச்சு வெச்சுக்குவோம். வராத அன்னிக்குப் பழைய போர்தான்" என்றார் மகள்.

கோயில் வந்து சேர்ந்தபோது மச்சினரின் கடிகாரம் ஏதோ அபாய மணி அடித்தது. யாரும் சட்டை செய்யவில்லை. தீர்த்தகிரீஸ்வரர், வடிவாம்பிகை சந்நிதி. அருணகிரிநாதர் வந்து பாடிய தலம். குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அக்னி தீர்த்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அகத்தியர் தீர்த்தம் ஜீரணத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள். வாதாபியையே ஜீரணித்தவர், அவர் பெயரில் இருப்பது நன்றாகத்தான் இருக்கும் என்று மானேஜர் இரண்டு தரம் வாங்கிக் குடித்தார்.

ராம தீர்த்தம் உயரத்துப் பாறையிலிருந்து விழுகிறது. அண்ணாந்து நின்றால் முகத்தில் வந்து விழும். எல்லோரும் அப்படித்தான் நின்றார்கள், கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு. பாட்டி அடியில் போய் நின்றார். தலை நிமிரவில்லை. கழுத்து அதற்கு மேல் வராது. தண்ணீர் உச்சந்தலையில் பட்டு முதுகுப் பக்கம் வழிந்தது. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

பேரன் ஒன்றும் சொல்லவில்லை. சட்டென்று முன்னால் போனான். இரண்டு கையையும் குவித்துத் தண்ணீரைப் பிடித்தான். பாட்டியின் முகத்தில் விட்டான். மறுபடி பிடித்தான், மறுபடி விட்டான். மூன்றாவது தரம் மூக்கில் ஏறிவிட்டது போலிருக்கிறது, "அடேய்!" என்று பாட்டி கத்த, அவன் முழுப் பல்லும் தெரியச் சிரித்தான். 2013-க்குப் பிறகு பிறந்த பயல். அரிசி மாதிரி வெள்ளைப் பல்.

அவன் அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். காலி கேன் கையிலேயே இருந்தது.

"இந்தத் தண்ணி குடிச்சா முட்டி சரியாகும்னு நம்பிக்கையாம்மா?" என்று பாட்டியைக் கேட்டேன்.

"எனக்கு எதுக்குப்பா இனிமே? இவனுக்குப் பல்லு முளைக்கறப்ப வேண்டிக்கிட்டேன். கடன் பாக்கி இருந்திச்சு. வந்தேன்."

இறங்கும்போது நிரம்பிய கேன் மானேஜர் தோளில் இருந்தது. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பாதி வழியில் குரங்கு ஒன்று அதைப் பார்த்துக் கிட்டே வர, "இது ராமர் சரக்குடா, உங்க ஆளு கொண்டு வந்ததில்லை, போ!" என்று அதட்டினார். அது போகவில்லை. அடிவாரம் வரைக்கும் கூடவே வந்தது.