இரும்புத் தொப்பி சொல்லும் சாட்சி

சென்ற தவணையின் இறுதியில் எமது மாணவன் ஒருவன் சில புகைப்படங்களுடன் எம்மிடம் வந்தான். இலண்டனில் வாழும் அவனுடைய மாமா பெரும் பொருள் கொடுத்துப் பழைய அமெரிக்க இராணுவத் தலைக்கவசம் ஒன்றை வாங்கியிருந்தாராம். 1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் நோர்மண்டிக் கரையில் இறங்கிய போர்வீரன் ஒருவன் அணிந்தது அது என விற்றவர் கூறினாராம். "ஐயா, இது மெய்தானா என்று எப்படி அறிவது?" என வினவினான். சரித்திரம் கற்பிப்போர் கேட்க விரும்பும் வினா இதுவன்றோ!

அக்காலத்துப் பிரித்தானியத் தலைக்கவசமாயின் விடை காண்பது எளிது. அதன் விளிம்பின் அடிப்பக்கத்தில் செய்தோரின் பெயர்க்குறியும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். அமெரிக்கரின் எம்-1 கவசத்தின் உருக்கு ஓட்டிலோ ஆண்டு இல்லை. 1941 முதல் 1945 வரை இவை இரண்டு கோடிக்கு மேல் செய்யப்பட்டன. பெரும்பாலானவற்றை டெட்ராயிற் நகரின் மக்கோர்ட் தொழிற்சாலையும், எஞ்சியவற்றை ஷ்லூட்டர் தொழிற்சாலையும் செய்தன. உள்ளே நெற்றிப்பக்கத்தில் ஓர் இலக்கம் காணப்படும். அஃது உருக்கின் தொகுதியைக் குறிப்பதேயன்றி ஆண்டைக் குறிப்பதன்று. இலக்கத்துடன் எஸ் என்னும் ஆங்கில எழுத்தும் இருப்பின் ஷ்லூட்டரின் செய்கை என அறியலாம்.

ஆண்டு எழுதப்படாவிடத்து அமைப்பே சாட்சி. நாம் நோக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நாடிவார் கோக்கப்படும் வளையங்கள். தொடக்கத்தில் அவை அசையாதவாறு ஓட்டுடன் பற்றவைக்கப்பட்டிருந்தன. கவசம் நிலத்தில் விழும்போது அவை முறிந்து போயின. ஆதலால், 1943இல் அசையும் வளையங்கள் புகுத்தப்பட்டன. இரண்டாவது, விளிம்பைச் சுற்றி மடித்த உருக்குப் பட்டி. அதன் இரு முனைகளும் சந்திக்கும் மூட்டுவாய் முதலில் நெற்றிப்பக்கத்தில் இருந்தது. 1944இன் பிற்பகுதியில் அது பிடரிப்பக்கத்திற்கு மாற்றப்பட்டது.

நாடிவாரின் நிறமும் யுத்தகாலத்தில் மண்ணிறத்திலிருந்து கரும்பச்சைக்கு மாறியதுண்டு. ஆயினும் வாரைப் புதிதாகத் தைத்துவிடலாம். வர்ணத்தை மீளப் பூசலாம். உட்கூட்டையும் மாற்றி வைக்கலாம். எளிதில் மாற்றத்தக்க உறுப்பின் சாட்சியை இறுதியிலேயே கேட்டல் வேண்டும்.

பையன் காட்டிய படங்களில் கவசத்தின் முன்புறமே இருந்தது. நெற்றிப்பக்கத்தில் மூட்டுவாய் தெரியவில்லை. எனினும், காணாததைக் கொண்டு முடிவு கூறலாகாது என்று சொல்லி, பின்புறப் படம் ஒன்றை வருவிக்கச் செய்தோம். ஒரு வாரத்தில் படம் வந்தது. மூட்டுவாய் பிடரிப்பக்கத்திலேயே இருந்தது! ஜூன் மாதத்தில் கரையேறிய கவசத்தில், அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த மாற்றம் எவ்வாறு இருத்தல் கூடும்?

பையனின் முகம் வாடிற்று. "மாமாவுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டுமா?" என்றான். "மூட்டுவாய் முன்புறம் இருந்திருந்தாலும் அது நோர்மண்டிக்குச் சென்றதென்று நிறுவப்பட்டிராது. களஞ்சியத்திலேயே கிடந்த கவசங்களும் உண்டல்லவா? ஒரு குறி பொய்யை மறுக்க வல்லது. மெய்யை நிறுவ அது மட்டும் போதாது. நீ கண்டதை மட்டும் பணிவாக எழுது. விற்றவரின் நெஞ்சில் இருந்தது நமக்குத் தெரியாது, அதைப்பற்றி எழுதாதே" என்றோம்.

அவ்வாறே எழுதினான். மாமா சினக்கவில்லை. கவசத்தின் அருகே வைத்திருந்த நோர்மண்டி அட்டையை எடுத்துவிட்டு, "அமெரிக்கக் கவசம், 1944இன் பிற்பகுதியிலோ அதன் பின்னரோ செய்யப்பட்டது" என்று புதிதாக எழுதி வைத்தாராம்.

வீட்டிலுள்ள பழம்பொருளுக்கு நாம் சூட்டும் கதை பெரிதாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. அப்பொருள் தாங்கக்கூடிய கதையாயிருந்தாற் போதும்.