ஜல்லிக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டை!

ராத்திரி முழுக்க மழை பெய்து ஓய்ந்த காலையில் தெருவைப் பாருங்கள். நேற்றுவரை ஒழுங்காக இருந்த ரோட்டில் ஜல்லி தனியே பெயர்ந்து கிடக்கும். தாருக்கும் ஜல்லிக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டால் பிடிப்பு போய்விடும். அதன்மேல் பஸ்ஸும் லாரியும் ஏற ஏற, சின்னக் குழி பெரிய பள்ளமாகிவிடும்.

இந்தப் பிரச்னைக்குக் குப்பையில் மருந்து தேடியவர், மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். பிளாஸ்டிக் கவர்களைப் பொடிப்பொடியாக வெட்டி, சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின் மேல் தூவினார். ஒரு நிமிடத்துக்குள் அது இளகி, ஒவ்வொரு கல்லுக்கும் சட்டை போட்டதுபோல் படிந்துகொண்டது. பிறகு ஊற்றிய தார் அந்தச் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் எளிதில் உள்ளே போக முடியவில்லை.

2002-ல் கல்லூரி வளாகத்திலேயே இப்படி ஒரு ரோடு போடப்பட்டது. சென்னை நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவுக்கும் அதே ஆண்டில் பிளாஸ்டிக் ரோடு வந்தது. 2006-ல் காப்புரிமை, 2018-ல் பத்மஸ்ரீ.

ஒரு கிலோமீட்டர் ஒற்றை வழிச் சாலைக்கு ஏறக்குறைய ஒரு டன் பிளாஸ்டிக் தேவை. கிட்டத்தட்ட அதே அளவு தார் மிச்சமாகும். பெருநகரங்களை ஒட்டிய சாலைகளில் இந்த முறையைப் பயன்படுத்தச் சொல்லி 2015-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது. அப்புறம் ஏன் எல்லாத் தெருவும் இப்படி இல்லை?

சிக்கல், குப்பையைப் பிரிப்பதில் இருக்கிறது. பால் கவருக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் பழைய பேப்பர் கடையில் விலை உண்டு. சிப்ஸ் பாக்கெட்டையும் மெல்லிய கவரையும் யாரும் சீண்டுவதில்லை. ரோட்டுக்குப் போக வேண்டியதே அவைதான். ஆனால் அவை சாம்பார் சாதத்தோடு ஒரே பையில் கட்டப்பட்டுக் குப்பை வண்டிக்குப் போகின்றன. ஈரமும் மண்ணும் ஒட்டிய பிளாஸ்டிக் கல்லில் சரியாகப் படியாது.

பி.வி.சி. கலந்துவிட்டால் இன்னும் மோசம். சூட்டில் அது அமிலப் புகையைக் கக்கும். அதை முதலில் சுவாசிப்பவர், கலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும் தொழிலாளிதான். உடைந்த பைப் துண்டு மட்டுமல்ல, தெருமுனையில் தலைவர்கள் சிரிக்கும் ஃப்ளெக்ஸ் பேனரும் பெரும்பாலும் பி.வி.சி.யே!

இந்த ரோடு தேயும்போது நுண்பிளாஸ்டிக் மண்ணுக்குப் போகுமே என்ற கேள்வியும் ஆய்வாளர்களிடம் இருக்கிறது. ஒதுக்கிவிடக் கூடிய கேள்வி இல்லை அது.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கவரைக் கழுவி, காயவைத்து, தனிப் பையில் போடலாம். பால் கவரை வெட்டும்போது மூலையைத் தனியாகக் கத்தரித்து எடுக்காமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். அந்தத் துளித் துண்டைப் பொறுக்க எந்தத் தூய்மைப் பணியாளராலும் முடியாது.