நேரலையில் நிக்காஹ்



மகனின் நிக்காஹ் மஜ்லிஸில் தந்தை முன்வரிசையில் அமர்ந்திருக்க வேண்டும். தங்கையின் திருமணத்தில் அண்ணன் வாசலில் நின்று வருவோரை வரவேற்க வேண்டும். நம் ஊர்களில் எத்தனை வீடுகளுக்கு இந்தப் பேறு வாய்க்கிறது? ரியாத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை, துபாயில் புதிய வேலை, சிங்கப்பூரில் பிள்ளைகளுக்குத் தேர்வு என்று ஒவ்வொரு திருமணத்திலும் ஓரிரு இடங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன. 2020 மார்ச்சில் பன்னாட்டுப் பயணிகள் விமானங்களை இந்தியா நிறுத்தியபோது அந்த வெறுமை வீட்டுக்கு வீடு பெருகிற்று. அந்நாள்களில்தான் திருமணத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியது. விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கிய பின்னரும் அவ்வழக்கம் நின்றுவிடவில்லை.

தொலைவிலிருந்தபடி ஈஜாப் கபூல் செய்யலாமா என்பது ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிய வேண்டிய சட்டம். இங்கே நாம் பேசப்போவது, ஊரில் முறைப்படி நடக்கும் மஜ்லிஸைக் கடல் கடந்திருப்போர் தெளிவாகக் காண்பதும் கேட்பதும் பற்றி மட்டுமே.

இதில் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். மண்டப அலங்காரத்தை இரண்டு மணி நேரம் காட்டலாம். விருந்தை அதற்கு மேலும் காட்டலாம். ஆனால், மணமகன் 'கபூல்' சொல்வதோ சில நொடிகள். அந்த நொடிகளில் படம் உறைந்து நின்றால், ஒலி அறுந்துபோனால், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் கைப்பேசியை ஏந்திக் காத்திருந்த தாய்க்கு அதைத் திரும்ப நடத்திக் காட்ட யாராலும் இயலாது. ஆகவே ஏற்பாடுகள் அனைத்தும் அந்தச் சில நொடிகளை மையமாக வைத்தே அமைய வேண்டும்.

இப்பணிக்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள் 'ஓ.பி.எஸ். ஸ்டூடியோ'. 'ஓபன் பிராட்காஸ்டர் சாஃப்ட்வேர்' என்பதன் சுருக்கம் அது. ஹியூ பெய்லி என்பவர் 2012இல் தொடங்கி வைத்தது. பின்னர் உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்தது. விலை கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் பல இருக்க, ஒரு நிக்காஹ் மஜ்லிஸுக்கு இதற்கு மேல் ஒன்று தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

இது செய்யும் வேலையின் அளவைச் சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். 1080 எனப்படும் முழுத் தெளிவுப் படத்தில் குறுக்கே 1920, நெடுக்கே 1080, ஆக 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்திற்கும் 24 பிட். நொடிக்கு 30 படங்கள். பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 149 கோடி பிட்! இதை அப்படியே ஏந்திச் செல்லும் கம்பி நம் மண்டபத்தில் ஏது? ஆகவே 'என்கோடர்' என்னும் பகுதி, ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே மாறாத பகுதிகளைத் தள்ளிவிட்டு, மாறியதை மட்டும் குறித்து, ஐம்பது லட்சம் பிட்டுக்குள் சுருக்கிவிடுகிறது. முந்நூறில் ஒரு பங்கு! இந்தச் சுருக்கத்திற்கு 'பிட்ரேட்' என்ற அளவை நாம்தான் குறிக்க வேண்டும். நேரலைகள் பலவும் கெடுவது இந்த இடத்தில்தான்.

'எங்கள் மண்டபத்தில் நூறு எம்.பி.பி.எஸ். இணைப்பு இருக்கிறது' என்பார் மேலாளர். மருத்துவப் பட்டம் போல் ஒலிக்கும் இந்தச் சொல், நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதைக் குறிப்பது. அவர் சொல்வது பெரும்பாலும் நம்மை நோக்கி வரும் வேகம். நேரலைக்குத் தேவையானதோ நம்மிடமிருந்து வெளியே செல்லும் வேகம், 'அப்லோடு' என்பார்கள். சில இணைப்புகளில் இரண்டும் சமம். சிலவற்றில் ஏறும் வேகம் இறங்கும் வேகத்தில் ஒரு சிறு பங்கே. கைப்பேசிக் கோபுரத்தை நம்பினால் நிலைமை இன்னும் மோசம். முந்தின நாள் வெறும் மண்டபத்தில் சோதித்தபோது தாராளமாக இருந்த வேகம், ஐந்நூறு விருந்தினர் ஐந்நூறு கைப்பேசிகளுடன் வந்து அமர்ந்ததும் எங்கோ போய்விடும். அதே கோபுரத்தை அத்தனை பேரும் பங்கிட்டுக் கொள்கிறார்கள் அல்லவா? ஆகவே, கம்பிவழி இணைப்பு கிடைக்கும் இடத்தில் அதையே கேளுங்கள். மண்டபத்தின் வைஃபையில் சேராமல் ரூட்டரிலிருந்து கேபிளை நேரே கணினியில் செருகுங்கள். கைப்பேசி இணைப்பை மாற்று ஏற்பாடாக வைத்துக் கொள்ளலாம்.

ஏறும் வேகத்தை ஒருமுறை அளந்து விட்டுவிடாதீர்கள். நிக்காஹ் நடக்கும் அதே வேளையில், வெவ்வேறு நாள்களில் நான்கைந்து முறை அளந்து, அவற்றுள் மிகக் குறைந்ததை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் பாதியைத் தாண்டாமல் பிட்ரேட்டைக் குறியுங்கள். வேகம் 8 மெகாபிட் என்றால் 4000 கிலோபிட். 1280க்கு 720 என்ற அளவுப் படத்திற்கு அது போதும். 1080 அளவுக்கு 4500 முதல் 6000 வரை வேண்டும். '1080 காட்டுகிறோம்' என்று விளம்பரம் செய்வதற்காகக் குறைந்த பிட்ரேட்டில் பெரிய படத்தைத் திணித்தால், மணமகனின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறித் தெரியும். உறவினர்களில் பலர் பார்க்கப்போவது உள்ளங்கையளவு திரையில். தெளிவான 720, சிதறும் 1080ஐ விட ஆயிரம் மடங்கு மேல்.

தரவின் அளவையும் கணக்கில் கொள்ளுங்கள். 4000 கிலோபிட் படமும் 160 கிலோபிட் ஒலியும் சேர்ந்தால் மணிக்கு 1.87 ஜி.பி. செலவாகும். நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரும் கைப்பேசித் திட்டம் அறுபத்து நான்கு நிமிடங்களில் தீர்ந்து, வேகம் நத்தையாகிவிடும். ஹஸ்ரத் குத்பாவைத் தொடங்கும் நேரமாகப் பார்த்து அது நிகழவும் கூடும்!

இனி ஓ.பி.எஸ்.ஸைத் திறப்போம். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஸ்ட்ரீம்' என்னுமிடத்தில் யூடியூப் கணக்கை இணைக்கலாம்; அல்லது அங்கிருந்து பெற்ற 'ஸ்ட்ரீம் கீ' என்ற நீண்ட எழுத்துக் கோவையை ஒட்டலாம். அது வீட்டுச் சாவியைப் போன்றது. அது கிடைத்தவர் உங்கள் சேனலில் தம் படத்தை ஓடவிடலாம். ஆகவே வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பரப்பாதீர்கள். யூடியூப்பில் முதன்முறையாக நேரலை வசதியைக் கோருவோருக்கு அது திறந்துவர 24 மணி நேரம் வரை ஆகலாம். திருமணத்தன்று காலையில் கணக்குத் தொடங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

'அவுட்புட்' பகுதியில் ரேட் கண்ட்ரோலை 'சி.பி.ஆர்.' என்றும், கீஃபிரேம் இடைவெளியை 2 நொடி என்றும் வையுங்கள். முன்சொன்ன சுருக்கத்தில், எதையும் சாராத முழுப் படம் இடையிடையே ஒன்று தேவை. நடுவில் வந்து சேரும் பார்வையாளருக்கு அங்கிருந்துதான் காட்சி தொடங்கும். அதற்கான இடைவெளி இது. கணினியில் நிவிடியா அட்டையோ இண்டெல்லின் குவிக்சிங்க் வசதியோ இருந்தால் அதையே என்கோடராகத் தேர்ந்தெடுங்கள். பிராசஸரின் பளு குறையும். 'அட்வான்ஸ்டு' பகுதியில், இணைப்பு நெருக்கடி ஏற்படும்போது பிட்ரேட்டைத் தானே குறைத்துக் கொள்ளும் தெரிவு ஒன்று உண்டு. அதைக் குறியிட்டு வையுங்கள். அறுந்துபோவதை விடச் சிறிது மங்குவது நன்றல்லவா?

'வீடியோ' பகுதியில் நொடிக்கு 25 படங்கள் போதும் என்பேன். காரணம் உண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. விளக்குகள் பலவும் அதற்கேற்ப நொடிக்கு நூறு முறை துடிக்கும். கேமராவின் ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடியாக வைத்தால் அத்துடிப்பு படத்தில் தெரியாது. ஷட்டர் பொருந்தாவிட்டால் மேடை முழுவதும் கருங்கோடுகள் அலையும். சாதாரண வெப்கேமராவிலும் 50, 60 என்ற தெரிவு இருக்கும். 50ஐத் தெரிவு செய்யுங்கள்.

ஒலிக்கு வருவோம். வீடியோக்காரர்கள் ஆகாயத்தில் பறக்கும் கேமரா வரை கொண்டு வருகிறார்கள். ஒலிக்கென்று ஒரு கம்பி கொண்டு வருவதில்லை! கேமராவிலுள்ள மைக்கை நம்பினால் குத்பாவின் ஓசையை விட நாற்காலி இழுபடும் ஓசையே மிகுதியாகக் கேட்கும். மைக் செட்காரரிடம் முன்னதாகவே பேசி, அவருடைய மிக்ஸரிலிருந்து ஒரு 'லைன் அவுட்' கம்பியை வாங்கிக் கணினியில் இணைத்துவிடுங்கள். ஹஸ்ரத்தின் மைக்கில் விழுவது நேரே கடல் கடந்து போகும். ஆனால் மணமகன் மைக்கில் பேசுகிறாரா என்று பார்க்க வேண்டும். கூச்சத்தில் தலைகுனிந்து அவர் மெல்லச் சொல்லும் சொல்லைத்தான் உலகமே கேட்கக் காத்திருக்கிறது. அவருக்கென்று சட்டையில் மாட்டும் சிறு மைக் ஒன்று தருவது மிக நல்லது.

ஓ.பி.எஸ்.ஸின் ஒலி அளவுகோலில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டைகள் ஓடும். பேச்சின் உச்சம் மஞ்சளில் நிற்கட்டும். சிவப்பின் எல்லையை முட்டினால் ஒலி கரகரக்கும். 'லிமிட்டர்' என்னும் ஃபில்டரைச் சேர்த்தால் திடீர் முழக்கங்களை அது அடக்கும். ஒற்றைக் கம்பியில் வரும் ஒலி சில நேரம் இடக்காதில் மட்டுமே கேட்கும். ஒலியின் மேம்பட்ட அமைப்புகளில் 'மோனோ' என்பதைக் குறியிட்டால் இரு காதுக்கும் சமமாகும். இரைச்சலை நீக்கும் ஃபில்டர் ஏ.சி. ஓசைக்கு நல்ல மருந்து. ஆனால் அது பேச்சுக்கென்று பழக்கப்பட்டது. பைத்தும் தஃப் முழக்கமும் வரும்போது அதை அணைத்துவிடுங்கள். இல்லையேல் தஃப் ஓசையையும் இரைச்சல் என்று கருதிக் கடித்துத் துப்பிவிடும்.

கேமரா வழி வரும் படம் கணினிக்குள் சற்றே தாமதமாக நுழையும். ஒலியோ கம்பி வழியே உடனே வந்துவிடும். உதடு அசையுமுன் சொல் கேட்கும். அதே மேம்பட்ட அமைப்பில் 'சிங்க் ஆஃப்செட்' என்னுமிடத்தில் ஒலிக்கு 100, 150 மில்லிநொடி என்று தாமதம் கொடுத்து, கேமரா முன் ஒருவரைக் கைதட்டச் சொல்லி ஒத்துப் பாருங்கள்.

முந்தின நாள் அதே கருவிகளுடன், அதே மண்டபத்தில், அரை மணி நேரம் ஒத்திகை பாருங்கள். 'ஸ்டாட்ஸ்' பலகையில் இழந்த ஃபிரேம்களின் கணக்கு தெரியும். 'டிராப்டு' ஏறினால் குற்றம் இணைப்பில், பிட்ரேட்டைக் குறையுங்கள். 'ஸ்கிப்டு' ஏறினால் குற்றம் கணினியில். படத்தின் அளவைக் குறையுங்கள். இரண்டையும் குழப்பிக் கொண்டு இணைய நிறுவனத்துடன் சண்டையிடுவோர் அநேகம். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் மடிக்கணினி உயிரோடிருக்கும், ரூட்டர் செத்துவிடும். அதற்கொரு சிறு யு.பி.எஸ். வையுங்கள். நேரலையோடு கணினியிலும் பதிவு நடக்கட்டும், எம்.கே.வி. வடிவில். நடுவில் கணினி நின்றுபோனாலும் அதுவரை பதிவானது அழியாது. பின்னர் ஓ.பி.எஸ்.ஸிலேயே எம்.பி.4 ஆக மாற்றிக் கொள்ளலாம்.

மிகுந்த கவனத்திற்குரிய செய்தி ஒன்று உண்டு. ஓ.பி.எஸ்.ஸில் 'சீன்' என்ற பெயரில் பல காட்சிகளை அமைத்து, ஒரு சொடுக்கில் மாற்றலாம். தவறான சொடுக்கு ஒன்று போதும், பெண்கள் பகுதி ஊர் முழுவதும் தெரிந்துவிடும். அப்பகுதிக் கேமரா எதையும் இந்தக் கணினியில் இணைக்கவே வேண்டாம். 'ஸ்டூடியோ மோடு' என்ற முறையில் அடுத்த காட்சியை நாம் மட்டும் முதலில் பார்த்துவிட்டு வெளியிடலாம், அதையே கையாளுங்கள். யூடியூப்பில் 'அன்லிஸ்டட்' என்று வைத்தால் தேடுவோருக்குக் கிடைக்காது. ஆயினும் சுட்டி கிடைத்தவர் எவரும் பார்க்கலாம், பிறருக்கும் அனுப்பலாம். 'பிரைவேட்' என்றால் நாம் அழைத்த கூகுள் கணக்குகளுக்கு மட்டுமே. குடும்பப் பெண்களிடம் கேட்டு, அவர்கள் விரும்புவது எதுவோ அதையே செய்யுங்கள். நேரலை முடிந்த பின்னும் பதிவு அங்கேயே தங்கியிருக்கும். சில நாள் கழித்து அதைப் பிரைவேட்டாக்குவதோ நீக்குவதோ உங்கள் கையில்தான்.

நேரலையை முன்கூட்டியே நேரம் குறித்து அமைத்தால் சுட்டி அப்போதே கிடைத்துவிடும். அதை முந்தின நாள் இரவே உறவினர்க்கு அனுப்பி, அவரவர் ஊர் நேரத்தையும் எழுதுங்கள். இங்கே காலை 11.30 என்றால் துபாயில் 10, சவூதியிலும் கத்தரிலும் குவைத்திலும் 9, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிற்பகல் 2. படம் அங்கே போய்ச் சேர அரை நிமிடம் வரை தாமதமாகும் என்பதையும் சொல்லிவைத்தால், மஜ்லிஸ் நடுவே தொலைபேசியில் அழைத்து 'இன்னும் ஒன்றும் தெரியவில்லையே' என்று கேட்க மாட்டார்கள்.